பெக்வே தீவில் ஒரு பகல்: கப்பலில் வந்து இறங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கரீபியன் கப்பல் பயணம் என்றதும் பலர் மனதில் வருவது பெரிய துறைமுகங்கள்தான். ஒரே காலையில் நான்கைந்து கப்பல்கள் வரிசையாக நிற்கும், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தெருவில் இறங்குவார்கள், அந்தத் தெரு முழுக்க வைரக் கடையும் கைக்கடிகாரக் கடையுமாக இருக்கும். பெக்வே அந்த வகை இடம் இல்லை. செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடின்ஸ் என்ற நாட்டில், தலைநகர் இருக்கும் செயின்ட் வின்சென்ட் தீவுக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 18 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஐயாயிரத்தை ஒட்டி. பெரிய கப்பல் அணையும் மேடை கிடையாது. வரும் கப்பல்கள் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும், பயணிகள் சிறு படகில் கரைக்கு வருவார்கள்.

பயணத் திட்டத்தில் இந்தப் பெயரைப் பார்த்ததும் "இங்கே என்ன இருக்கிறது?" என்று தேடி, பெரிதாக எதுவும் கிடைக்காமல், கப்பலிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். கப்பல் வழியில் வரும் தீவுகளில், அங்கே வாழும் மனிதர்களின் அன்றாடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் உங்களை விடும் இடம் குறைவு. ஆனால் ஒன்று. இங்கே நாளை நிரப்பிப் பார்க்கக் கூடாது. இறங்கியதும் ஒன்றிரண்டு காரியங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, மீதி நேரத்தைச் சும்மா விட வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த முடிவை ஒட்டித்தான்.

படி 1: எந்தக் கப்பல், எந்த மாதம்

பெக்வேக்குச் சிறிய கப்பல்கள்தான் ஒத்துவரும். விண்ட்ஸ்டார், ஸ்டார் கிளிப்பர்ஸ் போன்ற நிறுவனங்களின் பாய்மரக் கப்பல்கள் இந்தப் பக்கம் வருகின்றன. பெரிய கப்பல்களும் எப்போதாவது வருவதுண்டு. உங்களுக்குத் தேர்வு இருந்தால் முந்நூறு நானூறு பேர் வரும் கப்பலையே எடுங்கள். ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் வண்டி கிடைக்காது, கடற்கரையில் நிழல் கிடைக்காது, ஊர்க்காரர்களுக்கும் மூச்சு முட்டும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி இந்தப் பகுதியைத் தாக்கியபோது தெற்கே உள்ள யூனியன், மேரோ, கானுவான் தீவுகள் நொறுங்கிப்போயின. பெக்வேக்கும் சேதம் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அப்போது வீடிழந்த தெற்குத் தீவு மக்கள் பலர் வடக்கே வந்து தங்கினார்கள். அதனால் புயலைப் பற்றி ஊரில் யாரிடமாவது பேச்சு வந்தால் கொஞ்சம் கவனமாகப் பேசுங்கள்.

கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் வடகிழக்குக் காற்று பலமாக வீசும். நங்கூரம் போடும் அட்மிரல்டி விரிகுடா மேற்குப் பக்கம் இருப்பதால் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். ஆனாலும் வடக்கிலிருந்து அலை சுருண்டு வரும் நாட்களில் சிறு படகை இறக்க முடியாமல் கப்பல் அடுத்த தீவுக்குப் போய்விடலாம். நங்கூரத் தீவு எதற்குமே இந்த ஆபத்து உண்டு. ஆகவே பெக்வேயில் முன்பணம் கட்டி எதையும் பதிவு செய்ய வேண்டாம். கட்டியே ஆக வேண்டும் என்றால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை என்பதையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கடற்கரை மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே நல்ல நாள். உள்ளூர்க் குடும்பங்களும் அன்றைக்குத்தான் குளிக்க வருவார்கள்.

படி 2: விசாவும் காகிதமும்

செயின்ட் வின்சென்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. கனடா, பிரிட்டன் குடிமக்களுக்கும் அப்படித்தான். சிக்கல் இந்தத் தீவில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. கப்பல் மயாமியிலோ சான் ஹுவானிலோ புறப்பட்டால் அமெரிக்க விசா வேண்டும். அதுவும் பலமுறை நுழையும் வகை வேண்டும், ஏனென்றால் கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதும் ஒரு நுழைவுதான். பார்படாஸிலிருந்து புறப்படும் கப்பல் என்றால் இந்தியர்களுக்குப் பாடு குறைவு, அங்கேயும் குறுகிய பயணத்துக்கு விசா கேட்பதில்லை. ஆனால் லண்டன் வழியாகப் பறந்தால் பிரிட்டனின் இடைவழி விசா தேவைப்படுமா என்று பார்க்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. அதே கப்பல் மார்டினிக்கிலோ குவாதலூப்பிலோ நின்றால், அவை பிரான்சின் பகுதிகள். ஷெங்கன் விசா இருந்தாலும் அது அங்கே தானாகச் செல்லாது. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் தனியாகக் குறித்திருக்க வேண்டும். விதிகள் மாறும் என்பதால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் கப்பல் நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் கஞ்சம் பார்க்க வேண்டாம். தீவில் சிறிய மருத்துவமனைதான் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் வேறு தீவுக்கு விமானத்தில் தூக்கிச் செல்ல வேண்டும். அந்தச் செலவை ஏற்கும் காப்பீடாக எடுங்கள்.

படி 3: பையில் என்ன வைப்பது

பெக்வேயும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. வெயில் நமக்குப் பழகியதுதான். ஆனால் இங்கே கடற்காற்று ஓயாமல் வீசிக்கொண்டே இருப்பதால் சூடு உறைக்காது, தோல் மட்டும் கருகிக்கொண்டிருக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, பவளப்பாறைக்குக் கேடு செய்யாத சன்ஸ்க்ரீன் மூன்றும் கட்டாயம்.

குடிதண்ணீரைக் கப்பலிலிருந்தே நிரப்பிக்கொண்டு வாருங்கள். பெக்வேயில் ஆறு கிடையாது. வீட்டுக் கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக இறக்கி, வீட்டடியில் கட்டிய தொட்டியில் சேமித்துத்தான் காலம் காலமாக வாழ்கிறார்கள். கோடையில் தொட்டி வற்றும்போது ஒவ்வொரு வாளிக்கும் கணக்கு உண்டு. கடற்கரைக் கடைகளில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருக்காதீர்கள்.

நனைந்தாலும் வழுக்காத செருப்பு, சிறிய அமெரிக்க டாலர் நோட்டுகள், கடவுச்சீட்டின் நகல், கப்பல் அட்டை, கப்பலின் அவசர எண், நீர்மூழ்கிக் கண்ணாடி. இவ்வளவு போதும். ராணுவ உடை மாதிரியான புள்ளி போட்ட துணி, பை, தொப்பி எதையும் எடுத்து வர வேண்டாம். இந்த நாட்டில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை.

கைபேசியைக் கப்பலில் இருக்கும்போதே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தானாக ஒட்டிக்கொண்டு பெரிய பில் வருவது கடற்பயணத்தில் அடிக்கடி நடப்பது. கரையில் உணவகங்கள் பலவற்றில் வைஃபை கிடைக்கும்.

படி 4: கப்பலிலிருந்து கரைக்கு

நங்கூரம் போட்டதும் டெண்டர் எனப்படும் சிறு படகுகள் ஓடத் தொடங்கும். சிறிய கப்பலில் வரிசை பெரிதாக இருக்காது. பெரிய கப்பல் என்றால் எண் போட்ட சீட்டு தருவார்கள், அதை முதல் நாள் மாலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் படகுகளில் போய்விடுவது நல்லது. காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் உள்ள வெயிலே வேறு.

படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் மாலுமியின் முன்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விரல்களை அல்ல. அலை படகைத் தூக்கும் நேரத்தில் கால் வைக்க வேண்டும். "இப்போது வாருங்கள்" என்று அவர் சொல்லும்வரை அவசரப்படாதீர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் முன்கூட்டியே கப்பல் வரவேற்பறையில் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, நேரம். இங்கே இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். ஆனால் கப்பல் கடிகாரமும் தீவுக் கடிகாரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. குளிர்காலத்தில் மயாமி நேரத்திலேயே ஓடும் கப்பல், தீவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்தக் கடிகாரப்படி என்று கேட்டு, கையில் கட்டும் கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கரையில் முதல் அரை மணி நேரம்

இறங்கும் இடம் போர்ட் எலிசபெத். தீவின் ஒரே ஊர் என்று சொல்லிவிடலாம். ஒரு கரையோரத் தெரு, வாதுமை மரங்கள், அவற்றின் நிழலில் பெஞ்சுகள், மேசை போட்டுத் துணியும் மணிமாலையும் விற்பவர்கள். செயின்ட் மேரி ஆங்கிலிக்கன் தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது வணக்கம் சொல்வது. கடையில் நுழைந்தாலும், வண்டிக்காரரிடம் விலை கேட்டாலும், தெருவில் எதிரே வருபவரைப் பார்த்தாலும் "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதைச் சொல்லாமல் "இது எவ்வளவு?" என்று ஆரம்பிப்பது இந்த ஊரில் மரியாதைக் குறைவு. சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். அதே போல நீச்சல் உடையோடு ஊருக்குள் நடக்காதீர்கள், மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளுங்கள். யாரையும் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

பணம். இங்கே செலாவணி கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க டாலரையும் எங்கும் வாங்குவார்கள், மீதியை உள்ளூர்ப் பணத்தில் தருவார்கள். யாராவது "நாற்பது டாலர்" என்றால், எந்த டாலர் என்று அங்கேயே கேளுங்கள். ஏமாற்றுகிறார்கள் என்பதால் இல்லை, இரண்டும் பேச்சில் கலந்து வருவதால்தான். ஊரில் ஏடிஎம் உண்டு. கடன் அட்டையை நம்பி மட்டும் போக வேண்டாம்.

படகுத்துறையிலிருந்து சில நிமிட நடையில் ராஸ்தாஃபாரிகள் (ஜமைக்காவில் தோன்றிய ஒரு சமயத்தவர்) நடத்தும் பழச் சந்தை இருக்கிறது. வாழைப்பழம், மாம்பழம், முள்சீத்தா, ஜாதிக்காய் எல்லாம் இருக்கும். உள்ளே போனதும் நாலு பக்கமும் கூப்பிடுவார்கள், கையில் பழத்தை வைத்துவிடுவார்கள். ஒரே ஒருவரிடம் வாங்குவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள், மற்றவர்களுக்குச் சிரித்துக்கொண்டே வேண்டாம் சொல்லுங்கள். வாங்கிய பழத்தைக் கரையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், கப்பலுக்குள் பெரும்பாலும் விட மாட்டார்கள்.

படி 6: நாளைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வழி சொல்கிறேன். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே பகலில் செய்யலாம் என்று கணக்குப் போட்டால் போட முடியும், ஆனால் எதுவும் மனதில் நிற்காது.

*முதல் வழி: கரையோர நடையும் கடற்கரையும்.* முதல்முறை வருபவர்களுக்கு என் தேர்வு இதுதான். படகுத்துறையில் இறங்கிக் கடலுக்கு முகம் காட்டி நின்றால், இடப்பக்கம் கரையை ஒட்டி ஒரு குறுகிய நடைபாதை போகிறது. பெல்மாண்ட் பாதை. பல இடங்களில் அலை வந்து காலைத் தொடும் அளவுக்குத் தாழ்வானது. ஒரு பக்கம் நங்கூரமிட்ட பாய்மரப் படகுகள், மறுபக்கம் சிறு விடுதிகளும் உணவகங்களும். அவற்றில் ஃபிராஞ்சிபானி விடுதி முன்பு மிட்செல் குடும்பத்தின் வீடாக இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை ஜேம்ஸ் மிட்செல்தான் 1984 முதல் 2000 வரை நாட்டின் பிரதமர். 1992இல் திறந்த தீவின் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

பாதை முடியும் இடத்தில் படிக்கட்டும் மரப்பலகை நடையும் பாறை முனையைத் தாண்டி மேலேறி அந்தப் பக்கம் இறங்குகின்றன. புயலுக்குப் பிறகு அவ்வப்போது மூடிவைப்பதுண்டு. கிளம்புமுன் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் மொத்தம் அரை மணி நேர நடைக்குள் பிரின்சஸ் மார்கரெட் கடற்கரைக்கு வந்துவிடலாம். 1958இல் பிரிட்டன் இளவரசி மார்கரெட் இங்கே குளித்ததால் வந்த பெயர் இது. தண்ணீர் தெளிவு, அலை குறைவு, மணல் இறக்கம் மெதுவானது. நீச்சல் தெரியாதவர்கள்கூட இடுப்பளவு தண்ணீரில் நெடுநேரம் நிற்கலாம். கடற்கரையின் இரு முனைப் பாறைகளை ஒட்டித்தான் மீன் கூட்டம். கண்ணாடி போட்டுத் தலையைத் தண்ணீரில் வைத்தாலே போதும்.

அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் லோயர் பே. ஆரவாரம் இன்னும் குறைவு, மணலை ஒட்டியே எளிய சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. நீண்ட மதியச் சாப்பாட்டுக்கு அதுவே சரி. திரும்பும்போது நடக்க வேண்டாம், தண்ணீர் டாக்ஸி பிடியுங்கள். பளிச்சென்று வண்ணமடித்து, பக்கத்தில் பெயர் எழுதிய சிறு விசைப்படகுகள் அவை. கையை உயர்த்தினால் கரைக்கு வரும். ஏறுவதற்கு முன்பே, ஆளுக்கா படகுக்கா என்று கேட்டு விலையை முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து போர்ட் எலிசபெத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

*இரண்டாம் வழி: வண்டியில் தீவைச் சுற்றுவது.* டாக்ஸி என்றால் இங்கே பெரும்பாலும் பின்பக்கம் இருக்கை போட்டு மேலே கூரை கட்டிய பிக்கப் வண்டி. காற்று வாங்கிக்கொண்டே போகலாம். படகுத்துறை அருகே மரத்தடியில் நிற்கும். கப்பல் விற்கும் சுற்றுலாவும் இதே வண்டிகளில்தான். நேரடியாகப் பேசினால் உங்களுக்கும் மிச்சம், ஓட்டுநருக்கும் முழுப்பணம். நான்கு பேர் சேர்ந்தால் இன்னும் மலிவு.

இரண்டு, மூன்று மணி நேரம் போதும். முதலில் விரிகுடாவின் வடக்கு முனையில் ஹாமில்டன் கோட்டை. கோட்டை என்று பெரிதாகச் சுவர் எதுவும் மிச்சமில்லை, சில பழைய பீரங்கிகள்தான். ஆனால் கீழே விரிந்து கிடக்கும் விரிகுடாவைப் பார்த்தால் ஏன் இங்கே பீரங்கி வைத்தார்கள் என்பது விளங்கும். இவ்வளவு அடக்கமான இயற்கைத் துறைமுகத்தைக் கடற்கொள்ளையரும் விடவில்லை. 1717இல் கருந்தாடி என்று பெயர்பெற்ற எட்வர்ட் டீச், மார்டினிக் நோக்கி வந்த லா கான்கார்ட் என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலைப் பிடித்துப் பெக்வேக்குத்தான் கொண்டுவந்தார். கப்பலைத் தனதாக்கி, குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச் என்று பெயர் மாற்றினார். அதன் வயிற்றில் சங்கிலியில் கிடந்த ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோர் இந்தக் கரையில் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைத் திரும்பவும் ஏற்றி மார்டினிக்குக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளையர் கதையை மட்டும் சுவையாகச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடும் வழிகாட்டிகள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

பிறகு வடகிழக்கே ஸ்பிரிங், இண்டஸ்ட்ரி விரிகுடாக்கள். பழைய தோட்டங்களின் தென்னைகள் இன்னும் நிற்கின்றன. இது அட்லாண்டிக் பக்கம். பார்க்க அழகு, குளிக்க மேற்குக் கரைதான் நல்லது. சாலை முடியும் இடத்தில் ஓல்ட் ஹெக் ஆமைக் காப்பகம். ஆர்டன் கிங் என்ற முன்னாள் முக்குளி மீனவர் 1995இல் தொடங்கியது. அழுங்காமைக் குஞ்சுகளைத் தொட்டியில் சில ஆண்டுகள் வளர்த்துக் கடலில் விடும் முயற்சி அது. தொட்டியில் வளர்த்த ஆமை கடலில் தாக்குப்பிடிக்குமா என்று கேள்வி எழுப்பும் உயிரியலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு தனிமனிதர் தன் கைக்காசில் ஆரம்பித்த முயற்சி என்பதும் உண்மை. போகுமுன் திறந்திருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். போனால் ஆமைகளைத் தொடாதீர்கள்.

திரும்பும் வழியில் மவுண்ட் பிளெசன்ட் மேட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே மஸ்டீக், கானுவான் என்று தீவுகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

*மூன்றாம் வழி: படகுக் கலையும் திமிங்கல மீனவர்களும்.* பெக்வேயைப் பெக்வேயாக ஆக்கியது இதுதான். சிறிய தீவு, ஆறு இல்லை, பெரிய விவசாயம் இல்லை. ஆகவே ஆண்கள் கடலுக்குப் போனார்கள், கடலுக்குப் போகப் படகு கட்டினார்கள். வரைபடம் இல்லாமல், கண்ணளவிலேயே, கடற்கரை மணலில் வைத்து. ஜேம்ஸ் மிட்செலின் தந்தை ரெஜினால்ட் மிட்செல் கட்டி 1939இல் கடலில் இறக்கிய குளோரியா கொலீட்டா என்ற பாய்மரக் கப்பல் 165 அடி நீளம். கிழக்குக் கரீபியனில் கட்டிய மரக்கப்பல்களில் மிகப்பெரியது என்று சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளுக்குள் அது ஆளில்லாமல் கடலில் மிதந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. கேப்டனும் கூட இருந்தவர்களும் திரும்பவே இல்லை.

அந்தக் கை இன்று பெரும்பாலும் மாதிரிப் படகுகளில் உயிரோடு இருக்கிறது. படகுத்துறைக்கு வடக்கே நடந்தால் பட்டறைகள் வரும். இரு முனையும் கூராக இருக்கும் பெக்வே மீன்பிடிப் படகை அளவு பிசகாமல் மரத்தில் செதுக்குவதைப் பார்க்கலாம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலையை நின்று பார்க்க விடுவார்கள். விலை கூடுதல்தான், பல நாள் கைவேலை. பேரம் பேசி அதைப் பாதியாக்க முயல வேண்டாம்.

பிறகு வண்டி பிடித்துத் தெற்கே ஃபிரெண்ட்ஷிப் விரிகுடா, லா பாம்ப், பேஜெட் ஃபார்ம் பக்கம் போங்கள். திமிங்கல வேட்டைக் குடும்பங்களின் ஊர்கள் இவை. அமெரிக்கத் திமிங்கலக் கப்பல்களில் வேலை பார்த்துத் தொழில் கற்ற வில்லியம் வாலஸ், 1870களில் ஊருக்குத் திரும்பி இங்கே அதைத் தொடங்கினார். சர்வதேசத் திமிங்கல ஆணையம் இன்றும் இந்தத் தீவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக நான்கு கூன்முதுகுத் திமிங்கலங்கள் வரை அனுமதி தந்திருக்கிறது. பல ஆண்டுகளில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. பாயும் துடுப்பும் கொண்ட திறந்த படகில் ஆறு பேர் போய், கையால் ஈட்டி எறிவதுதான் மரபு. புகழ்பெற்ற ஈட்டிக்காரர் அத்னியல் ஒலிவியர் 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை தீவின் மூத்த பெரியவராக மதிக்கப்பட்டவர்.

இந்த வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது தீவுக்குள்ளேயே பேசப்படும் விஷயம். வேட்டையை விட்டுத் திமிங்கலம் காட்டும் சுற்றுலாவுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள், இது எங்கள் உரிமை என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் திமிங்கலத்தைக் கொல்வதில் மனமில்லை. ஆனாலும் ஒரு பகல் வந்து போகும் பயணி அங்கே போய்த் தீர்ப்புச் சொல்வதைவிட, ஒரு முதியவரிடம் உட்கார்ந்து கேட்பது மேல். ஃபிரெண்ட்ஷிப் பக்கம் பழைய படகுகளையும் கருவிகளையும் வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால் ஓட்டுநரிடம் முன்பே கேளுங்கள்.

படி 7: சாப்பாடு

கப்பலில் இலவசச் சாப்பாடு இருக்கிறதே என்று மதியம் திரும்பிவிடாதீர்கள். நீங்கள் கரையில் சாப்பிடும் ஒரு வேளைதான் இந்த ஊருக்கு உண்மையில் போய்ச் சேரும் பணம்.

நாட்டின் தேசிய உணவு சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும். சீமைப்பலா இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. அடிமைகளுக்கு மலிவான உணவாகக் கொடுப்பதற்காகக் கேப்டன் பிளை பசிபிக் தீவிலிருந்து 1793இல் செயின்ட் வின்சென்டுக்குக் கொண்டுவந்தது. முழுக்காயை நெருப்பில் போட்டுத் தோல் கருகும்வரை சுடுவார்கள். உள்ளே மாவாக, லேசான புகை வாசனையோடு இருக்கும். கல்லலூ என்ற கீரைச் சூப், லாம்பி என்கிற சங்குக் கறி, சிங்கி இறால் எல்லாம் கிடைக்கும். சிங்கி இறாலுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை பிடிதடைக் காலம். அந்த மாதங்களில் யாராவது புதிதாகப் பிடித்தது என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

பட்டியலில் "ரொட்டி" என்று இருந்தால் கேட்டு வாங்குங்கள். பெரிய மெல்லிய ரொட்டிக்குள் ஆட்டுக்கறி, கோழி அல்லது உருளைக்கிழங்குக் குழம்பை வைத்து மடித்தது. இது வந்த வழியில் நம் ஊரும் இருக்கிறது. 1861 ஜூன் 1 அன்று மதராஸிலிருந்து டிராவன்கோர் என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு செயின்ட் வின்சென்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாட்டில் இந்தியர் வருகை தொடங்கியது அந்தக் கப்பலில்தான். இப்போது ஜூன் 1 அங்கே இந்தியர் வருகை நாள். வந்தவர்களின் சந்ததி இன்று ஆங்கிலம் பேசுகிறது, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். குழம்பும் மஞ்சளும் மட்டும் சமையலில் நிற்கின்றன.

சைவம் சாப்பிடுபவர்கள் "ஐட்டல்" உணவு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ராஸ்தாஃபாரிகளின் உணவு முறை அது. இறைச்சி கிடையாது, பயறு, கிழங்கு, காய்கறி, தேங்காய்ப்பால். சைவம் என்றால் மீன் சேராது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகலாம். அப்போதுதான் சமைக்கத் தொடங்குவார்கள். பசிப்பதற்கு முன்பே சொல்லிவைத்துவிட்டுக் கடலில் இறங்குங்கள். உள்ளூர் பீர் ஹைரூன். சன்செட் என்ற வெள்ளை ரம் 84.5 சதவீதம் சாராயம், அதை அப்படியே வாயில் ஊற்றுவது வேண்டாம்.

படி 8: கவனமாக இருக்க வேண்டியவை

கடற்கரையில் சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்த்திருக்கும் மஞ்சினீல் மரம் இருக்கலாம். பழம் கடும் விஷம். இலையின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழை பெய்யும்போது அதன் கீழே ஒதுங்கினால் சொட்டும் நீரே சுடும். சில மரங்களில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள், சிலவற்றில் இருக்காது. எது என்று தெரியாவிட்டால் தென்னை நிழலில் உட்காருங்கள். குழந்தைகளைக் கீழே கிடக்கும் பழத்தைத் தொட விடாதீர்கள்.

கிழக்குக் கரையில், குறிப்பாக ஹோப் கடற்கரையில், உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. அங்கே குளிக்க வேண்டாம். வெளிநாட்டவர் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பதற்கு இந்த நாட்டில் தடை. பவளத்தை உடைக்காதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள்.

ஆமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல் என்று யாராவது காட்டினால் வாங்க வேண்டாம். அழுங்காமைப் பொருட்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவது உலக அளவில் தடைசெய்யப்பட்டது, சுங்கத்தில் பிடித்தால் பொருளும் போகும் வழக்கும் வரும்.

படி 9: திரும்புவது

கடைசிப் படகுக்கு முந்தைய படகில் ஏறுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தீவு சிறியது, எங்கிருந்தும் துறைக்கு இருபது நிமிடத்துக்குள் வண்டியில் வந்துவிடலாம். ஆனால் வண்டியே கிடைக்காத நேரமும் உண்டு. காலையில் ஏற்றிவந்த ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அப்படித் தவறவிட்டால் துறையில் இருக்கும் கப்பல் முகவரைப் பாருங்கள். போர்ட் எலிசபெத்திலிருந்து தலைநகர் கிங்ஸ்டவுனுக்கு ஒரு மணி நேரத்தில் போகும் ஃபெர்ரி உண்டு, அங்கிருந்து விமானத்தில் அடுத்த துறைமுகத்தைப் பிடிக்க வழி தேட வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு நகலும் கப்பலின் அவசர எண்ணும் பையில் இருக்கச் சொன்னது இதற்குத்தான்.

மீதியாகக் கிடைத்த உள்ளூர்ப் பணத்தை மாற்ற அலைய வேண்டாம். செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிகா, ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் எல்லாவற்றிலும் இதே டாலர்தான். உங்கள் கப்பல் பார்படாஸுக்கோ மார்டினிக்குக்கோ நேராகப் போகிறது என்றால் மட்டும், படகு ஏறுவதற்கு முன் சந்தையில் ஒரு பை ஜாதிக்காய் வாங்கி அதைத் தீர்த்துவிடுங்கள். விதைகளையும் மசாலாவையும் உங்கள் ஊர்ச் சுங்கம் அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லை என்றால் கரையோரத் தெருவில் மேசை போட்டு விற்பவரிடம் ஒரு மணிமாலை வாங்கலாம்.